அசையாமல் உட்கார்ந்தவள்

மூக்கின் இடது பக்கம் அரிக்க ஆரம்பித்தபோது மணி மூன்றுகூட ஆகியிருக்கவில்லை. சுகுணா சொறியவில்லை. அசையக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். எதிரே முப்பத்தோரு பிள்ளைகள் வரைபலகையை மடியில் சாய்த்துக்கொண்டு அவளைப் பார்ப்பதும் குனிவதும் மறுபடி பார்ப்பதுமாக இருந்தார்கள். முப்பத்தோரு பென்சில்கள் தாளில் உரசும் சத்தம், அரிசியை முறத்தில் போட்டு மெதுவாக அசைப்பதுபோல ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்துக்கு முன்னால்வரை அவள் வெளியே வாகை மரத்தடியில் மற்ற அப்பா அம்மாக்களோடு சிமென்ட் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். திருப்பூரில் விடியுமுன் பஸ் ஏறி, முன்பின் பார்த்திராத இந்த ஊருக்கு மகள் மோனிஷாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்; ஓவியக் கல்லூரி நுழைவுத் தேர்வு. ஆளை உட்கார வைத்துப் பார்த்து வரைய வேண்டிய பரீட்சை. மோனிஷா முதல் ஹாலில். இரண்டாவது ஹாலுக்கு வர வேண்டிய மாடல் வரவில்லையாம், போனையும் எடுக்கவில்லையாம். மூன்று ஹாலும் ஒரே நேரத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பதால் எல்லாமே நின்றுபோய்விட்டது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஓர் அம்மா மரத்தடிக்கு வந்து, "யாராச்சும் ஒருத்தர் உக்கார முடியுமாங்க? உங்க பிள்ளை இருக்கிற ஹாலா இருக்கக்கூடாது, அவ்வளவுதான்" என்று கேட்டார். ஆண்கள் எல்லாரும் போனைப் பார்த்தார்கள். பெண்கள் புடவையைச் சரிசெய்துகொண்டார்கள். சுகுணா எழுந்துவிட்டாள். ஒரு வேலை நின்றுபோய்க் கிடக்கிறது என்றால் எழுந்திருக்கப் பழகிய உடம்பு, அதுவாக எழுந்துவிட்டது. எழுந்த பிறகுதான் ஐந்து மணி ஞாபகம் வந்தது.

ஐந்து மணிக்குள் அமுக்க வேண்டும். அமுக்கிடு, என்றுதான் புருஷன் தண்டபாணி சொன்னான். விடியற்காலை பஸ் ஸ்டாண்டில், பையை ஏற்றி வைத்துவிட்டு ஜன்னல் வழியாக, மோனிஷா தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து, "சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அமுக்கிடு சுகுணா. மறந்தராத. படம் வரையறதை யாரு வேண்டாங்கறா, சனி ஞாயிறுல வரையட்டும்." கோயமுத்தூரில் இன்ஜினியரிங் சீட், கம்ப்யூட்டர் சயின்ஸ், கிடைத்திருக்கிறது, ஏற்றுக்கொள்கிறோம் என்று இணையத்தில் உறுதி செய்ய இன்று கடைசி நாள். வீட்டில் எப்போதும் சார்ஜ் இருக்கிற போன் சுகுணாவுடையது என்பதால் அவள் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். அவள் "சரிங்க" என்றாள். பஸ் காங்கயம் தாண்டியதும் மோனிஷா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள், "அம்மா, அந்த சீட்டை எடுக்காத. அது இருந்துச்சுன்னா நான் பயந்துக்கிட்டு அதுக்குள்ளயே போயிருவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்." அவளிடமும் "சரி கண்ணு" என்றாள். இரண்டு சரி. இரண்டும் பொய் இல்லை, சொல்கிற நேரத்தில் இரண்டும் சரியாகத்தான் பட்டது. பரீட்சை இரண்டு மணிக்கு ஆரம்பித்து நாலரைக்கு முடியும், பிள்ளை வெளியே வரும்போது முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், நன்றாகச் செய்திருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் ஒன்று, மீதி அரை மணி நேரத்தில் இரண்டு பேருமாகப் பேசி முடிவு செய்துகொள்ளலாம் என்று அந்த அரை மணியை நம்பித்தான் வந்திருந்தாள். வராத மாடல் அதைக் கொண்டுபோய்விட்டான். இரண்டு நாற்பதுக்கு ஆரம்பித்தார்கள், ஐந்து பத்துக்கு முடியும். நடுவில் நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இடைவேளை. கைப்பை ஜன்னல் திட்டில் இருந்தது. போனைச் சத்தமில்லாமல் செய்து உள்ளே வைத்திருந்தாள். அது கல்லின் மேல் ர்ர்ர் என்று நடுங்கியது, நின்றது, மறுபடி நடுங்கியது. முன்வரிசையில் ஒன்றிரண்டு பிள்ளைகள் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். தண்டபாணிதான். கட்டிங் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, காதில் போனை வைத்துக்கொண்டு. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், இருபத்தாறு வருஷமாக நின்றபடியே வேலை. கெண்டைக்காலில் நரம்பு பச்சையாக முடிச்சு முடிச்சாகக் கிடக்கும். ராத்திரி சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் படுப்பான். என் பிள்ளை உட்கார்ந்து வேலை பார்க்கணும், என்பான். வேறெதுவும் கேட்டதில்லை, உட்கார்ந்து. இப்போது தான் உட்கார்ந்திருப்பதை நினைத்ததும் சிரிப்பு வந்தது. சிரிக்கக்கூடாது. வாயும் அசையக்கூடாது.

கழுத்துக்குப் பின்னால் வியர்வை ஒரு கோடாக இறங்கியது. மின்விசிறி இந்தப் பக்கம் வரும்போது மட்டும் குளிர்ந்தது. இப்படி ஒரு இடத்தில், கையில் வேலை இல்லாமல், தூங்காமல், பேசாமல் கடைசியாக எப்போது உட்கார்ந்தாள்? மோனிஷா பிறந்தபோது ஆஸ்பத்திரியில்கூட இல்லை. சாயப்பட்டறை லேபில் அவளுக்கு நாள் முழுக்க நிற்பதும் குனிவதும்தான். கம்பெனிக்காரர்கள் ஒரு துணித் துண்டை அனுப்புவார்கள், இதே நிறம் வேண்டும் என்று. அவள் சாயத்தைக் கலந்து, சின்னத் துண்டில் ஏற்றிப் பார்த்து, விளக்குப் பெட்டிக்குள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். கடை வெளிச்சத்தில் ஒன்றாக இருப்பது பகல் வெளிச்சத்தில் வேறாகப் போகும். சிவப்பு கொஞ்சம் தூக்கல், மஞ்சள் ஒரு துளி கம்மி என்று மெஷின் சொல்வதற்கு முன்னால் அவள் சொல்லிவிடுவாள். மோனிஷாவுக்கு இது எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், "அவங்கம்மா கலர் பாக்கறவங்கல்ல" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். சுகுணாவுக்கு அது ஒப்பாது. அவள் பார்ப்பது யாரோ ஏற்கெனவே முடிவு செய்த நிறம். அதுபோல வந்துவிட்டால் வேலை முடிந்தது. மோனிஷா பண்ணுவது அது இல்லை. இவளுக்கு யாரும் துண்டு அனுப்புவதில்லை. பிரிண்டிங் பிரிவில் ஜோதிலிங்கம் என்று ஒரு டிசைனர் இருக்கிறான், ஓவியக் கல்லூரியில் படித்தவன். போன மாசம் டீ நேரத்தில் அவனைத் தனியாகப் பிடித்து, "அதப் படிச்சுட்டு நல்லாத்தான் இருக்கீங்களா தம்பி?" என்று நேராகவே கேட்டாள். அவன் யோசித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கேன்க்கா. பனியனுக்குப் பூனை மூஞ்சி போடுங்கறாங்க, போடறேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய் என்னுதப் போடறேன்" என்றான். என்னுது. அந்தச் சொல் அன்றிலிருந்து தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. வீடு என்னுது, வண்டி என்னுது, பிள்ளை என்னுது, அப்படி இல்லை அவன் சொன்னது. வேறு. செய்யாவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை, செய்தாலும் யாரும் கேட்கவில்லை, அப்படி ஒன்று. அவளுக்கு அப்படி எது?

தேடிப் பார்த்திருக்கிறாள். பாட்டு? இல்லை. பள்ளிக்கூடத்தில் கோகோ ஆடினாள், எல்லாரும் ஆடினார்கள், ஆடினாள். கெமிஸ்ட்ரி எடுத்ததற்குக் காரணமே பஸ்தான். கணக்கு எடுத்தால் கடைசி வகுப்பு நாலரைக்கு முடியும், கெமிஸ்ட்ரி லேப் நாலு மணிக்கே விட்டுவிடுவார்கள், நாலு பத்து பஸ்ஸைப் பிடிக்கலாம். அந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறு மணிக்கு, அப்பா ரோட்டுக்கு வந்து நின்றுவிடுவார். விண்ணப்பப் படிவத்தில் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிநேகிதி பஸ் நேரம் சொன்னாள், இவள் கெமிஸ்ட்ரி என்று எழுதினாள். அவ்வளவுதான் கதை. அதற்குப் பிறகு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது, லேப் வேலை, தண்டபாணி, குழந்தை, வீடு. யாரும் தள்ளவில்லை. சரிவான இடத்தில் நடப்பதுபோலத் தானாகவே கால் போய்க்கொண்டிருந்தது. அம்மாக்கள் சொல்வார்களே, நான் நல்லாப் பாடுவேன், கல்யாணத்துக்கப்புறம் விட்டுட்டேன் என்று, அப்படிச் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. வருத்தமும் இல்லை. வருத்தம் இல்லை என்பதே இப்போதுதான், இந்த நாற்காலியில்தான், கண்ணில் பட்டது. அப்படிச் சரிந்து போனால் வலிக்கக்கூட வலிக்காது. மோனிஷா கோயமுத்தூருக்குப் போவாள், ஹாஸ்டலில் நாலு நாள் அழுவாள், அப்புறம் சிநேகிதிகள் கிடைப்பார்கள், பாஸ் பண்ணுவாள், கெட்டிக்காரிதான், வேலைக்குப் போவாள், நன்றாகத்தான் இருப்பாள். சத்தியமாக நன்றாக இருப்பாள். அப்படியானால் அமுக்க வேண்டியதுதானே. அமுக்க வேண்டியதுதான். இதில் என்ன யோசனை.

இடது கால் மரத்துப்போக ஆரம்பித்தது. முதலில் பாதம், பிறகு கணுக்கால், கால் தன்னுடையது இல்லாதது மாதிரி. முன்வரிசையில் நடுவில் ஒரு பெண் பிள்ளை, மோனிஷா வயதுதான், கண் மை கரைந்து கன்னத்தில் இறங்கியிருந்தது, துடைக்கக்கூட இல்லை. அவள் பார்வைதான் சுகுணாவைத் தொந்தரவு செய்தது. மற்றவர்கள் கண்ணைச் சந்தித்துவிட்டால் சட்டென்று திருப்பிக்கொள்வார்கள். இந்தப் பெண் திருப்பவில்லை. நெற்றியைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், தாடைக்குக் கீழே தொங்க ஆரம்பித்திருக்கிற சதையைப் பார்த்தாள், கண்ணையும் ஒரு காதைப் பார்ப்பது மாதிரியே பார்த்தாள். அதில் மரியாதையும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. இந்தப் பார்வை தெரிந்த பார்வை. மோனிஷா ஆறு வயதிலிருந்து சோறு தின்னும்போது இப்படித்தான் பார்ப்பாள். "என்னடி முறைக்கற, தட்டப் பாத்துத் தின்னு" என்று எத்தனை தடவை மண்டையில் தட்டியிருக்கிறாள். தட்டினாலும் பார்வை போகாது, ஒரு நிமிஷம் தட்டைப் பார்த்துவிட்டு மறுபடி வந்துவிடும். முறைப்பு என்றுதான் பன்னிரண்டு வருஷமாக நினைத்திருந்தாள். ஒரு கட்டத்தில் பிள்ளைக்குத் தன்மேல் ஏதோ கோபம், சொல்லமாட்டேன் என்கிறது என்று நினைத்து ராத்திரி அழுததுகூட உண்டு. இப்போது யாரோ பெற்ற பிள்ளை அதே பார்வையைப் பார்க்கிறது, இதற்கு என்மேல் என்ன கோபம் இருக்க முடியும்? அழுத அந்த ராத்திரியை நினைத்தால் வெட்கமாக இருந்தது. தண்டபாணி ஒருநாளும் முறைப்பு என்று சொன்னதில்லை. அவன் பாட்டுக்குத் துணி வெட்டுவதற்கு மேலே விரிக்கிற காகிதச் சுருளில் மீந்த துண்டுகளை வாராவாரம் கொண்டுவந்து போடுவான், ஆளுயரத் தாள், பிள்ளை தரையில் விரித்து அதன்மேல் படுத்துக்கொண்டு வரையும். கொண்டுவந்து போட்டவனும் அவன்தான், அமுக்கிடு என்கிறவனும் அவன்தான். அதையும் இதையும் அவன் ஒன்றாகத்தான் நினைக்கிறான். ர்ர்ர் என்றது கைப்பை.

சுகுணாவுக்கு விட்டுப்போக ஒன்றும் இருக்கவில்லை, அதனால் சரிந்து போனதில் ஒன்றும் போகவில்லை. மோனிஷாவுக்கு இருக்கிறது. இது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வந்தது, மரத்த காலில் முதல் ஊசி குத்துவதுபோல. உடனே மறுபக்கத்திலிருந்து பயமும் வந்தது. அடையாள அட்டை அம்மா சொன்னாரே, தொண்ணூற்றாறு பேர் வந்திருக்கிறார்கள், இருப்பது முப்பது இடம். இந்த மை கரைந்த பெண் எடுத்துக்கொள்வாள் ஒன்று. மூலையில் அழித்து அழித்துத் தாளையே கிழித்துவிட்டு வெறுமனே உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குக் கிடைக்காது. மோனிஷா இதில் எந்தப் பக்கம்? முதல் ஹாலில் தாளைக் கிழித்துவிட்டு உட்கார்ந்திருந்தால்? ஊரில் கேட்பார்கள், பாப்பா என்ன படிக்குதுங்க என்று. சும்மா இருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். அமுக்கிவிட்டு இரண்டு பேரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டால் என்ன என்று ஓர் எண்ணம் பூனை மாதிரி வந்து காலடியில் உட்கார்ந்தது. இங்கே கிடைத்தால் அதை விட்டுவிடலாம், கிடைக்காவிட்டால் இருக்கட்டும். புத்திசாலித்தனமான எண்ணம், யார் கேட்டாலும் சரி என்பார்கள். ஆனால் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பதினெட்டு வயதுப் பிள்ளை, என்னைப் பத்தி எனக்குத் தெரியும் என்றது. சுகுணாவுக்கு நாற்பத்தைந்து வயது, தன்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை இதுவரை சொன்னதில்லை. தெரிந்துகொண்டு சொல்கிற ஒருத்தியிடம், தெரியாத ஒருத்தி, உனக்குத் தெரியாது என்று சொல்வதா? மணி அடித்தது.

"பத்து நிமிஷம். அம்மா, நீங்க எந்திரிக்கலாம்" என்றார் ஹாலைப் பார்த்துக்கொண்டிருந்த வாத்தியார். எழுந்தவள் காலில் பிடிப்பில்லாமல் தடுமாறி முன்வரிசைப் பலகையைப் பிடித்துக்கொண்டாள். மை கரைந்த பெண் எழுந்து அவள் கையைப் பிடித்தது. "மெதுவாங்க ஆன்ட்டி." அப்போது தாள் கண்ணில் பட்டது. மூக்கு அவளுடையது இல்லை, நீளமாகிவிட்டிருந்தது. ஆனால் அந்தப் படத்தில் இருந்தவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கவில்லை, எழுந்திருக்கப் போகிறவளாக இருந்தாள். தோளில் அது தெரிந்தது. "நான் இப்படியா இருக்கேன்?" என்று கேட்டாள். அந்தப் பெண் பயந்துபோய், "நல்லா இல்லீங்களா?" என்றது. "நல்லாருக்குது கண்ணு. மூக்கை மட்டும் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். தண்டபாணி ஒன்பது தடவை கூப்பிட்டிருந்தான். அவள் திருப்பிக் கூப்பிட்டதும் முதல் மணியிலேயே எடுத்தான்.

"அமுக்கிட்டியா?"

"இல்லைங்க."

"ஏன், நெட்டு இல்லையா?"

"நெட்டு இருக்குதுங்க. நான் அமுக்கப் போறதில்லை."

பின்னால் கட்டிங் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. நின்றது. அவன் வெளியே நடந்து வந்திருக்க வேண்டும். "பாப்பா சொன்னாளா?"

"அவ காலைல ஒண்ணு சொன்னா, நீங்க ஒண்ணு சொன்னீங்க. ரெண்டு பேருக்கும் சரின்னுட்டேன். ஒருத்தருக்குத்தானுங்க சரி சொல்ல முடியும்."

"ஏய், அங்க கெடைக்கலைன்னா?"

"தொண்ணூத்தாறு பேரு வந்திருக்கறாங்க. முப்பது சீட்டு. கெடைக்காமயும் போகலாம்." இதை மறைக்கக்கூடாது என்று தோன்றியது.

"போனா?"

"போனா வீட்ல இருப்பா. ஒரு வருசம்."

"பைத்தியமா உனக்கு? நான் இத்தனை வருசம்..." என்றான். முடிக்காமலே போனை வைத்துவிட்டான். அவளே கூப்பிடலாமா என்று நினைத்தாள். திரையில் நாலு ஏழு. உறுதி செய்யச் சொல்லிக் காலையில் வந்த குறுஞ்செய்தி மேலே நின்றது. விரல் அதன்மேல் ஒரு நொடி போனது, அமுக்கு என்றால் அமுக்கிவிடுகிற விரல். போனை முழுவதுமாக அணைத்துப் பைக்குள் போட்டாள். குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். வாத்தியார், "முன்ன இருந்த மாதிரியே உக்காரணும்மா, வலது கை கொஞ்சம் மேல... ஆங், அவ்வளவுதான்" என்றார்.

இரண்டாவது தடவை உட்கார்ந்தது முதல் தடவை மாதிரி இல்லை. யோசிக்க எதுவும் மிச்சமில்லாததால் நேரம் போகவில்லை. மணி ஐந்து ஆனதைச் சுவர்க் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெரிய முள் பன்னிரண்டில் நின்றது, தாண்டியது. ஒன்றும் ஆகவில்லை. மின்விசிறி இந்தப் பக்கம் வந்துவிட்டுப் போனது. தப்பு பண்ணிவிட்டோம் என்று தெளிவாகத் தோன்றியது, கொஞ்ச நேரம் கழித்து அப்படித் தோன்றவில்லை, மறுபடி தோன்றியது. அது இனி வந்து வந்து போகும்போல, பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

மோனிஷா கடைசி ஆளாக வெளியே வந்தாள். விரலெல்லாம் பென்சில் கரி. அம்மாவை மரத்தடியில் தேடிவிட்டு வராந்தாப் படியில் கண்டுபிடித்தாள். எப்படி எழுதினாய் என்று சுகுணா கேட்கவில்லை. பிள்ளைதான் முதலில் கேட்டாள், "அந்த சீட்டை எடுத்துட்டியாம்மா?"

"இல்ல."

மோனிஷா முகம் மலரவில்லை. படியில் உட்கார்ந்துகொண்டாள். "நெசமாவா? அப்பா?"

"சொல்லிட்டேன். போனை வெச்சுட்டாரு."

"அம்மா, எனக்குக் கை சரியா வரலம்மா." குரல் உடைந்தது. "மூஞ்சி வந்துச்சு, கைய மூணு தடவ போட்டேன், வரல. கெடைக்கலைன்னா என்னம்மா பண்றது?"

"எனக்கும் அதேதான் பயமா இருக்குது" என்றாள் சுகுணா. பக்கத்தில் உட்கார்ந்து பையிலிருந்து போனை எடுத்து உயிர்ப்பித்தாள், பஸ்ஸுக்கு நேரம் பார்க்கலாம் என்று. உயிர் வந்த மறுநிமிஷமே அது நடுங்கியது. தண்டபாணி. எடுத்து, "ஏனுங்க" என்றாள்.

"பாப்பாகிட்ட குடு."

குடுத்தாள். மோனிஷா எழுந்து இரண்டு எட்டு தள்ளிப் போய் நின்றுகொண்டாள். இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் சுகுணாவுக்குக் கேட்டது. "ம்... ம்... சாப்பிட்டேன்ப்பா... வரலப்பா, கை சரியா வரல... ம்... ஆமா, இருக்குது... வருசா வருசம் இருக்குதுப்பா... சரி." போனை அம்மாவிடம் நீட்டும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டதில் கன்னம் முழுக்கக் கரி ஆகிவிட்டிருந்தது.

"திட்டினாரா?"

"இல்லம்மா. இந்தப் பரிச்சை அடுத்த வருசமும் வெக்கறாங்களான்னு கேட்டாரு."